அளவுக்கு விலையா, சுவைக்கு விலையா?
கோஸ்டாரிகாவில் ஒரு காப்பி நடைப்பயணம்

வெளிநாடு செல்லும் பிரயாணிகளுக்குக் கோயில்களையும் மாளிகைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் காட்டும் வழிகாட்டிகள் எங்கும் உண்டு. அண்மைக் காலத்தில் இதனோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. வழிகாட்டி ஒருவர் ஒரு சிறு குழுவினரைத் தெருத் தெருவாக நடத்திச் சென்று, மூன்று நான்கு கடைகளில் உயர்தரக் காப்பியைச் சுவைக்கச் செய்து, அதன் பிறப்பு வளர்ப்பையும் எடுத்துரைக்கிறார். இதற்குக் கட்டணமும் உண்டு. வெறும் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு பொருளின் தரத்தை வாங்குவோர் அறிந்துகொண்டால், அதை விளைவித்தோருக்கு அதனால் பயன் கிட்டுமா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. பயிரிடுவோரும் நெய்வோரும் அங்கத்தினர்களாக உள்ள நமது சங்கங்களுக்கு இக்கேள்வி புதியதன்று. இதற்கு விடை தேடும் எண்ணத்துடன், கோஸ்டாரிகா நாட்டின் தலைநகரான சான் ஹொசேயில் அத்தகைய நடைப்பயணம் ஒன்றில் நாம் கலந்துகொண்டோம். பின்னர் காப்பி விளையும் மலைப்பகுதிக்கும் சென்று வந்தோம்.

மத்திய அமெரிக்காவில் நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே உள்ளது கோஸ்டாரிகா. பரப்பில் தமிழ்நாட்டின் பாதிகூட இல்லை. 1948-ம் ஆண்டு முதல் ராணுவமே வைத்துக்கொள்ளாத நாடு என்ற பெருமை அதற்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்து சேர்ந்த காப்பிச் செடியே அந்நாட்டின் வறுமையைப் போக்கிற்று. சுதந்திரம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் அரசாங்கமே காப்பி பயிரிட முன்வந்தோருக்கு நிலமும் நாற்றும் கொடுத்து ஊக்கியது. 1843-ம் ஆண்டில் வில்லியம் லெ லாஷர் என்ற கப்பல் தலைவர் காப்பி மூட்டைகளை நேராக இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அதன் பின் ஏற்றுமதி பெருகியது. வர்ணம் தீட்டிய மாட்டு வண்டிகள் மலையிறங்கிப் பசிபிக் கரையிலுள்ள புந்தாரேனாஸ் துறைமுகத்துக்குக் காப்பியைச் சுமந்து சென்றன. காப்பியை அந்நாட்டார் 'தங்க மணி' என்று அழைத்ததில் வியப்பில்லை.

காணாமல் வரைந்த சித்திரம்

எமது நடை தேசிய நாடக அரங்கின் வாயிலில் தொடங்கியது. இவ்வரங்கு 1897-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதைக் கட்டுவதற்காக 1890-ம் ஆண்டில் ஏற்றுமதியாகும் காப்பியின் மீது வரி விதித்தார்கள். பின்னர் அது மாறி, இறக்குமதிப் பொருள்களின் மீதான வரியாயிற்று. எனினும் காப்பி கட்டிய அரங்கு என்றே மக்கள் இதைக் கருதுகிறார்கள்.

உள்ளே மாடிப்படியின் மேற்கூரையில் ஒரு பெரிய சித்திரம் இருக்கிறது. இத்தாலிய ஓவியர் அலேயார்தோ வில்லா 1897-ம் ஆண்டில் தீட்டியது அது. பிற்காலத்தில் 5 கொலோன் நோட்டிலும் அச்சிடப்பட்டுப் புகழ் பெற்றது. அதில் பெண்கள் காப்பிப் பழம் பறிக்கிறார்கள். ஆடவர் வாழைத்தார்களையும் மூட்டைகளையும் சுமக்கிறார்கள். அருகே கடலும் கப்பலும் தெரிகின்றன. பார்ப்பதற்கு அழகான சித்திரந்தான். ஆனால் காப்பி விளைவது குளிர்ந்த மலைச்சரிவில். சித்திரத்திலோ கடற்கரையில் பறிக்கிறார்கள். வாழைத்தாரை ஒருவர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். தார் வெட்டிச் சுமந்து பழகிய நம் விவசாயிகள் கண்டால் சிரிப்பை அடக்க மாட்டார்கள்.

வழிகாட்டி இச்சித்திரத்தை முதலில் காட்டியதற்குக் காரணம் இருந்தது. விளைநிலத்தை அறியாதவர் கற்பனையில் காப்பியை வரைந்தால் அது இப்படித்தான் அமையும். கிண்ணத்தில் காப்பியை அருந்துவோரின் நிலையும் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. எந்த மலை, எந்தக் குடியானவர், எந்த ஆலை என்பதொன்றும் அவர்களுக்குத் தெரியாது. எல்லா மலைகளின் கொட்டையும் ஒன்றாகக் கலந்து போய், சந்தையில் ஒரே விலைக்கு விற்றது.

மூன்று கிண்ணங்கள்

அங்கிருந்து வடக்கே அமோன் பகுதிக்கு நடந்தோம். 1890-களில் காப்பிச் செல்வர்கள் மாளிகை எழுப்பிய இடம் இது. அவற்றில் பல இன்று விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன. ஒரு கடையில் எங்களை மேஜையைச் சுற்றி அமரச் செய்து மூன்று கிண்ணங்களை வைத்தார்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சிக்கரி கலந்த டிகாக்ஷனில் பால் சேர்த்து டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய நமக்கு முதல் மடக்கு சற்றே புளித்தது. இரண்டாம் மடக்கில் பழத்தின் மணம் புலப்பட்டது.

மூன்றும் ஒரே வகைச் செடியின் பழங்களே. பக்குவம் செய்த முறைதான் வேறு. முதலாவது, பழத்தின் சதையை நீக்கி, கொட்டையின் மேலுள்ள வழவழப்பையும் கழுவி உலர்த்தியது. அதன் சுவை தெளிவாகவும் புளிப்பு சற்று எடுப்பாகவும் இருந்தது. இரண்டாவது, தோலை நீக்கி வழவழப்போடு உலர்த்தியது. இதற்குத் தேன் பக்குவம் என்று பெயர். ஆனால் தேன் எதுவும் சேர்ப்பதில்லை. இதில் இனிப்பு மிகுந்திருந்தது. மூன்றாவது, பழத்தை முழுதாகவே களத்தில் காய வைத்தது. இது கனமாகவும் பழரச மணத்துடனும் இருந்தது.

சோதிக்கும் முறையையும் எமக்குக் கற்பித்தார்கள். 150 மில்லி லிட்டர் நீருக்கு எட்டேகால் கிராம் தூள். கொதி அடங்கிய சுடுநீரை ஊற்றி நான்கு நிமிஷம் பொறுத்து, மேலே திரண்ட படலத்தைக் கரண்டியால் விலக்கி மணத்தை முகர வேண்டும். பிறகு கரண்டியில் எடுத்து ஓசையெழ உறிஞ்ச வேண்டும். மணம், புளிப்பு, இனிப்பு, கனம், குடித்தபின் நாவில் நிற்கும் சுவை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல் பெற்றதே உயர்தரக் காப்பி என்பது இத்தொழிலில் நிலைத்துவிட்ட வழக்கம். இத்தகைய காப்பிக்குத் தனிப்பெயர் சூட்டி 1974-ம் ஆண்டில் வழங்கச் செய்தவர் எர்னா நட்சன் என்ற காப்பி வியாபாரியம்மையார்.

நெசவாளர் அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. கோஸ்டாரிகாவின் வீடுகளில் பழங்காலந்தொட்டுக் காப்பி வடிப்பது துணிப் பையில்தான். ஒரு சிறு மரச்சட்டத்தில் பருத்திப் பையைத் தொங்கவிட்டு, தூளை இட்டு, சுடுநீரை மெதுவாக ஊற்றுகிறார்கள். இச்சாதனத்துக்குச் சொர்ரெயதோர் என்று பெயர். நம் ஊர் டீக்கடைகளில் துணி வடிகட்டியைக் கண்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நெசவு நெருக்கமாக இருந்தால் காப்பி இறங்காது. தளர்ந்திருந்தால் தூள் இறங்கிவிடும்.

சங்கத்தின் ஆலையில்

நகரத்தில் கற்ற சுவை மலையில் எவ்வாறு விலையாகிறது என்பதைக் காண, சாந்தா மரியா தெ தோத்தா என்ற சிற்றூருக்குச் சென்றோம். தர்ராசு என்று பெயர் பெற்ற மலைவட்டாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது இவ்வூர். இங்கே குடியானவர்கள் 96 பேர் சேர்ந்து 1960-ம் ஆண்டில் அமைத்த கூட்டுறவுச் சங்கம் கூப்பெதோத்தா. இன்று பல நூறு குடும்பங்கள் அதில் சேர்ந்துள்ளன. ஆலையும் வறுக்கும் சாலையும் காப்பிக் கடையும் சங்கத்துக்கே சொந்தம். வருவோருக்கு ஆலையைச் சுற்றிக் காட்டிச் சுவைக்கச் செய்வதும் சங்கமே.

இங்கு பழத்தை அளப்பது கஹுவேலா என்ற பெட்டியால். அதன் கொள்ளளவு 20 லிட்டர். இருபது பெட்டி சேர்ந்தால் ஒரு ஃபனேகா. அதிலிருந்து ஏறக்குறைய 46 கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும். பெட்டி அளவை மட்டும் காட்டும், சுவையைக் காட்டாது. பழுத்த பழத்தைப் பொறுக்கிப் பறித்தவருக்கும் காயும் பழமுமாக உருவிப் போட்டவருக்கும் பெட்டி ஒன்றுதான். ஆகையால் ஆலையிலேயே சுவை பார்க்கும் அறை வேண்டியதாயிற்று. நம் பால் சங்கங்களில் அளவோடு நில்லாமல் கொழுப்புச் சத்தையும் சோதித்து விலை தருவதை இதனோடு ஒப்பிடலாம். தங்கள் காப்பி எத்தன்மையது என்பதை வாங்க வருவோரிடம் கேட்டறியாமல், தாங்களே முன்னதாக அறிந்துகொண்டு விலை பேசும் வாய்ப்பு இதனால் உண்டாகிறது.

சட்டமும் துணை நிற்கிறது. 1933-ம் ஆண்டிலேயே காப்பிக் குடியானவர்களின் பாதுகாப்புக்கென அங்கே ஓர் அரசு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1961-ம் ஆண்டுச் சட்டம் விளைவிப்போர், ஆலைக்காரர், ஏற்றுமதியாளர் மூவரிடையே உள்ள உறவை ஒழுங்குபடுத்தி, ஆலைக்காரரும் ஏற்றுமதியாளரும் எடுக்கும் லாபத்துக்கு வரம்பு கட்டியது. பழத்தைக் கொடுத்தவுடன் ஒரு முன்பணம். விற்பனை நடக்க நடக்கத் தவணைகள். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்வு. ஒவ்வோர் ஆலையும் தர வேண்டிய இறுதி விலை பகிரங்கமாக வெளியாகிறது. வெளியார் ஆலையில் மிஞ்சும் லாபம் ஆலைக்காரரைச் சேரும். சங்கத்தின் ஆலையில் அது அங்கத்தினர்களின் பொதுச் சொத்து.

கொட்டையின் மேலோட்டை உலர்த்தும் அடுப்புக்கு எரிபொருளாக்குவது முதலிய சிக்கனங்களும் இங்கு உண்டு. காற்றில் சேரும் கரியமில வாயுவுக்கு ஈடு செய்த காப்பி என்ற சான்றை 2011-ம் ஆண்டில் இச்சங்கம் பெற்றது.

எஞ்சி நிற்கும் கேள்வி

இவ்வளவும் கண்டபின், சுவையே எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று நாம் கூற மாட்டோம். 1989-ம் ஆண்டில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்தது. 2001-ம் ஆண்டில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டுக் காப்பி 50 சென்டுக்கும் கீழே விற்றது. கோஸ்டாரிகாவின் குடியானவர் பலர் உயர்தரத்தின் பக்கம் திரும்பியதற்கு அந்தக் கசப்பான அநுபவமே ஒரு காரணம். 2018-ம் ஆண்டில் தர்ராசு வட்டாரத்துக் காப்பி ஒன்று ஏலத்தில் பவுண்டுக்கு 300 டாலர் பெற்றது. ஆனால் அது சில மூட்டைகளின் கதை. பெரும்பாலோரின் வருவாய் இன்னும் சந்தை விலையையே நம்பியிருக்கிறது.

இன்னொன்றும் மறக்கத்தக்கதன்று. பழம் பறிப்போரில் பலர் பனாமாவிலிருந்து குடும்பத்தோடு வரும் ங்கோபே பழங்குடியினர். நிகராகுவாவிலிருந்து வருவோரும் உண்டு. அவர்களுக்குக் கூலி பெட்டிக் கணக்கில்தான். செங்கனியை மட்டும் பொறுக்கினால் பெட்டி நிறைய நேரம் பிடிக்கும். உயர்ந்த சுவை அவர்களுடைய பொறுமையில் பிறக்கிறது. அதற்கேற்பக் கூலியை உயர்த்தித் தராவிட்டால் தரத்தின் சுமை முழுவதும் அவர்கள் தோளில் விழும். சங்கங்கள் இதற்கு வழி காண்பது கடமை.

நம் சங்கங்களுக்கு இதில் பாடம் உண்டு. நாம் விளைவிக்கும் பொருளையும் நெய்யும் துணியையும் முதலில் நாமே சோதித்து மதிப்பிடப் பழக வேண்டும். சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் காப்பி பயிரிட்டும், தம் தோட்டத்துக் கொட்டையைத் தனியே வறுத்துச் சுவைத்திராதோர் இருக்கக்கூடும். அடுத்த அறுவடையில் அதை அவர்கள் செய்து பார்க்கலாம். ஊருக்கு வரும் பிரயாணிகளைத் தறிக் கூடத்துக்கும் களத்துக்கும் அழைத்துச் செல்லும் பணியையும் சங்கமே ஏற்று நடத்தலாம். பாவு ஓடுவதையும் ஊடை விழுவதையும் கண்ணால் கண்டவர் கைத்தறித் துணிக்கு விலை பேசும் விதமே வேறாயிருக்கும்.

வாங்குவோர் தரத்தை அறிவது நன்றே. ஆனால் விற்போரும் அதை அறிந்து, ஆலையும் தராசும் கணக்கும் தம் கையில் இருக்குமாறு ஒன்றுபட்டு நின்றால்தான் அந்த நன்மை விளைநிலம் வந்து சேரும். சாந்தா மரியாவின் குடியானவர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருவது இதுவே. நம் அங்கத்தினர்களாலும் இது ஆகக்கூடிய காரியந்தான்.