ஒரு தந்தி மட்டும் ஏன் முனகுகிறது?

உங்கள் பேஸ் கிட்டாரில் மூன்று தந்திகள் முழங்க, மெல்லிய ‘ஜி’ தந்தி மட்டும் அமுங்கி ஒலிக்கிறதா? ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, அமைதியான அறையில் மீட்டிப் பாருங்கள். அப்போதும் மந்தமாக இருந்தால், பெரும்பாலும் தந்தி பழசாகி அழுக்கேறியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

வெறுமனே மீட்டும்போது நன்றாக அதிர்கிறதா? அப்படியானால் தந்திகளுக்குக் கீழே உள்ள ‘பிக்கப்’பைக் கவனியுங்கள். அதனுள் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச்சுருளும் இருக்கின்றன. எஃகுத் தந்தி நொடிக்கு 98 முறை அதிர, காந்தப்புலமும் அதற்கேற்ப மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான்! தந்திக்கும் காந்தத்துக்கும் இடைவெளி கூடினால் ஒலி சட்டென்று தேய்ந்துவிடும்.

ஆகவே ‘ஜி’ தந்தியின் பக்கம் உள்ள திருகைக் கால் சுற்று திருப்பி, பிக்கப்பை உயர்த்திக் கேளுங்கள். பேராசை வேண்டாம். மிக நெருங்கினால் காந்தமே தந்தியைப் பிடித்திழுத்து, சுருதியைக் குலைத்துவிடும்.

ஐந்தாம், ஏழாம் ஃபிரெட்டுகளுக்கு இடையே ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அடங்கிவிடுகிறதா? பல கிட்டார்களில் இது உண்டு. அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணில் கிட்டாரின் கழுத்தும் சேர்ந்து ஆடி, தந்தியின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அதற்குத் திருகைத் திருப்பிப் பயனில்லை.