ஞானக்கூத்தன் கவிதைகளில் அன்றாட வாழ்க்கை

ஞானக்கூத்தன் (அக்டோபர் 7, 1938 – ஜூலை 27, 2016) தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடிகளுள் ஒருவர். இயற்பெயர் அரங்கநாதன். மயிலாடுதுறையை அடுத்த திருஇந்தளூரில் பிறந்தார். தாய்மொழி கன்னடம். சென்னையில் குடியேறி, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்தார். திருமந்திரத்தில் கொண்ட ஈடுபாட்டால் இப்புனைபெயரைச் சூட்டிக்கொண்டார்.

இலக்கியப் பின்னணி

1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் வழியாகப் புதுக்கவிதை வேரூன்றியது. அவ்விதழில் வெளிவந்த கவிதைகள் பலவும் தனிமனிதனின் அகத் தவிப்பைப் பேசின. மறுபுறம், அரசியல் மேடைகளில் அடுக்குமொழித் தமிழ் ஓங்கியிருந்தது. இவ்விரண்டிலிருந்தும் விலகி, தெருவிலும் வீட்டிலும் நடப்பவற்றைச் சிரிப்போடு பார்க்கும் குரலை ஞானக்கூத்தன் கொண்டுவந்தார். 1968இல் 'நடை' இதழில் எழுதத் தொடங்கினார். 1970இல் தொடங்கிய 'கசடதபற' இதழிலும், பின்னர் ஆத்மாநாமுடன் 'ழ' இதழிலும் முக்கியப் பங்காற்றினார். முதல் தொகுப்பான 'அன்று வேறு கிழமை' 1973இல் வெளிவந்தது.

அன்றாடத்தின் சித்திரங்கள்

'சைக்கிள் கமலம்' கவிதையில் பெரிய நிகழ்வு எதுவும் இல்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண் கடுகு வாங்க ஒருமுறை, மிளகு வாங்க இன்னொருமுறை, விலை கேட்டுச் சண்டையிட மற்றொருமுறை எனக் கடைக்குப் பறக்கிறாள். குழந்தையோ மாடோ எதிர்ப்பட்டால் இறங்கிவிடுகிறாள். வீட்டு வேலைகளுக்கு நடுவே ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சிறு விடுதலையை, கவிஞர் விளக்கவுரை எதுவும் சேர்க்காமல் காட்டுகிறார்.

'அம்மாவின் பொய்கள்' கவிதையில், வளர்ந்த மகன் ஒருவன் தாய் தன்னிடம் சொன்ன பொய்களை நினைவுகூர்கிறான். தின்பண்டம் கேட்டால் வயிறு கெடும், தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்பன போன்ற, எல்லா வீடுகளிலும் கேட்கும் பொய்கள் அவை. இப்போது ஏன் பொய் சொல்வதில்லை என்று கேட்பவன், வளர்ந்தவர்களுக்குப் பொய் சொல்லும் பொறுப்பு அரசாங்கத்துக்குப் போய்விட்டதோ என ஐயுறுகிறான். குடும்பப் பேச்சாகத் தொடங்கும் கவிதை இந்த இடத்தில் அரசியல் விமர்சனமாக மாறிவிடுகிறது.

அன்றாடம் குலையும்போது

ஞானக்கூத்தனின் நகைச்சுவையை மட்டும் வைத்து அவரை விளையாட்டுக் கவிஞர் எனக் கருதுவது பொருந்தாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த தலித் மக்கள் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். இதைப் பற்றிய 'கீழ்வெண்மணி' கவிதையில் முழக்கமோ ஒப்பாரியோ இல்லை. எரிந்த பின் விடிந்த காலையையே அது காட்டுகிறது. குரலை உயர்த்தாததால்தான் அக்கவிதையின் கோபம் நெடுநாள் நிற்கிறது.

மொழிநடை

பேச்சுச் சொற்களை மரபு யாப்பின் ஓசையோடு இணைத்தது இவரது தனித்தன்மை. 'காலவழுவமைதி' கவிதை மேடைப் பேச்சின் இழுவையை அப்படியே பிடித்து, அதன் வெறுமையை வெளிப்படுத்துகிறது.

மதிப்பீடு

2014ஆம் ஆண்டு விஷ்ணுபுரம் விருது இவருக்கு வழங்கப்பட்டது. கவிதைக்கு உயர்ந்த பொருள், தாழ்ந்த பொருள் என்ற பிரிவு இல்லை என்பதைத் தம் படைப்புகளால் நிறுவினார். மளிகைக் கடையும் சைக்கிளும் அம்மாவின் பொய்யும் கவிதைக்குப் போதுமானவை என்ற துணிவைப் பின்வந்த கவிஞர்கள் இவரிடமிருந்து பெற்றனர்.