உங்களுக்குத் தெரியுமா? ஆணாயிருந்து பெண்ணாகும் மட்டவன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் சிதறால் மலைப்பகுதியை ஒட்டிப் பாயும் குழித்துறைத் தாமிரபரணி, தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. இதுபோன்ற கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும்தான் கருப்பு மட்டவன் மீனின் வாழிடம். தண்ணீரில் உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும். குஞ்சுகள் வளர்வதும் இந்தக் கழிகளில்தான்.

இது முதலில் ஆணாக முதிர்கிறது. உடல் பெருத்த பின் பல மீன்கள் பெண்ணாக மாறி முட்டையிடுகின்றன. பெரிய உடலில்தானே நிறைய முட்டை தங்கும்! அதனால் பெரிய மீன்களையே குறிவைத்துப் பிடித்தால், குறைவது தாய்மீன்கள். கழிமுகத்தில் வலை வீசுவோர் அவசியம் அறியவேண்டிய சங்கதி இது.

வாயைத் திறந்து பாருங்கள். முன்னால் கூரிய பற்கள். பக்கங்களில் பயறு பதித்ததுபோல் வரிசை வரிசையாக உருண்டைக் கடைவாய்ப்பற்கள். நண்டையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கிவிடும். கழுவும்போது கை பத்திரம்: வயிற்றுக்குப் பின்னால் உள்ள அடித்துடுப்பின் இரண்டாம் முள் மிகத் தடித்தது.

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் தந்தவர் பெர் ஃபோர்ஸ்கால் என்ற இயற்கையியலாளர். ஆய்வுப் பயணம் ஒன்றின்போது 1763-இல் ஏமனில் மலேரியாவுக்குப் பலியானார். உடன் பயணித்த கார்ஸ்டன் நீபூர், அவருடைய குறிப்புகளை 1775-இல் நூலாக்கினார்.