உப்புக்காற்று – 9: பிள்ளை வளர்ப்புக்கு ஒரு பட்டம்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியில் வருவது கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலால் பேர் பெற்ற ஊர். ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் முகாமும் இங்கே இருக்கிறது. இந்தக் கரையோர உப்பளப் பெண்களின் உழைப்பைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பற்றி இந்த வாரம் பேச வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்கியாக வேண்டும். அம்மா இருட்டோடு கிளம்பிவிட, கைக்குழந்தை பாட்டியிடமோ, பள்ளிக்கூடம் போக வேண்டிய அக்காளிடமோ இருக்கும். கொஞ்சம் வளர்ந்தது அங்கன்வாடிக்குப் போகும். அங்கே அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தரும் படிப்புதான் மனையியல். அதில் குழந்தை வளர்ச்சி, குடும்ப வாழ்க்கை என்று தனித்தனிப் பாடங்கள் உண்டு. 'சோறாக்கவும் பிள்ளை வளர்க்கவும் எதுக்கும்மா காலேஜ்?' என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தப் படிப்பில் சேர்ந்த பெண் குறைவு.

எதற்கு என்று சொல்கிறேன். குழந்தை மெலிந்திருக்கிறதா என்று அறிய அதன் இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் சரிபாதியில் குறி வைத்து, சதையை இறுக்காமல் நாடாவைச் சுற்ற வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உயிருக்கே ஆபத்தான மெலிவு. இரண்டு வயது வரை படுக்க வைத்து நீளம் அளப்பார்கள், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம் அளப்பார்கள். நாடா சற்றுத் தளர்ந்தால் போதும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய பிள்ளை 'நல்லாத்தான் இருக்கு' என்று பதிவேட்டில் ஏறிவிடும். எத்தனை பிள்ளை பெற்று வளர்த்த தாய்க்கும் இது தானாக வந்துவிடாது. யாராவது சொல்லித்தர வேண்டும், சொல்லித்தருகிறவர் முறையாகப் படித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தப் படிப்புக்கு ஆலமரமாக நின்றவர் ராஜம்மாள் தேவதாஸ். செங்கத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம் 1957-இல் கோவையில் தொடங்கிய மனையியல் கல்லூரியை வளர்த்தெடுக்கும் பொறுப்பு ராஜம்மாளிடம் வந்தது. 1988-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நாடு தொடங்கியபோது, களத்துக்குத் தேவைப்பட்ட அறிவு இப்படிப்பட்ட வகுப்பறைகளில் ஏற்கெனவே விளைந்திருந்தது. அடுக்களைப் படிப்பு என்று இளப்பமாகப் பேசப்பட்டதுதான் இந்த நாட்டுப் பிள்ளைகளின் தட்டில் முட்டையையும் பயறையும் வைக்கக் காரணங்களைக் கொடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குடும்ப வள மேலாண்மை என்றொரு பாடம் உண்டு. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது வெறும் வரவு செலவுக் கணக்காகத் தோன்றலாம். மழை தொடங்கியதும் பாத்திகள் முழுகி, தை மாசி வரை கூலியே இல்லாமல் உட்காரும் வீட்டில் அதுதான் வாழ்வாதாரக் கணக்கு. எந்த மாதத்தில் கடன் ஏறும், எந்த மாதத்தில் பிள்ளையின் எடை இறங்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகிய பெண் ஒருத்தி ஊருக்கு ஊர் இருக்க வேண்டும்.

மனையியலைப் போலவே இளப்பமாகப் பார்க்கப்படும் கதிதான் உடற்கல்விக்கும். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களை அழைத்துப் போனவரும் அவர்தான். நூறாண்டு கடந்த பின்னும் பள்ளியில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது நிற்கவில்லை. 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி எல்லாம் அதில் அடக்கம். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். உடலைப் பற்றிப் படித்தவருக்கு நாம் போட்ட விலை அவ்வளவுதான். கடலும் மணலும் பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் கரையின் பிள்ளைகள் ஓடத் தயாராக இருக்கிறார்கள். முழங்கால் நோகாமல் எப்படி ஓடுவது என்று காட்டத்தான் ஆள் வேண்டும்.

முகாம் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்து, கல்லூரிக்கும் போகிறார்கள். 2021-இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, கல்வி உதவியையும் கூட்டியது. நல்ல காரியம். ஆனால் முகாம் பெண் ஒருத்தி குழந்தை வளர்ச்சியில் பட்டம் வாங்கினாலும், குடியுரிமை இல்லாமல் அரசு ஆசிரியராகவோ திட்ட அலுவலராகவோ ஆக முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கே கதவைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. குடியுரிமை கிடைக்கும் வரை அவளைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. முகாமுக்குள்ளேயே மழலையர் மையத்தையும், மாலை விளையாட்டையும் மதிப்பூதியத்தில் இந்தப் பட்டதாரிகளிடம் ஒப்படைக்க ஓர் அரசாணை போதும்.

(தொடரும்)