ஒரே எக்ஸெல் ஃபைல்... மூன்று பி.டி.எஃப்! ஏன் இப்படி?

அப்பார்ட்மென்ட் பராமரிப்புக் கணக்கு, மாதத்துக்கு ஒரு ஷீட் என 12 ஷீட்டுகள். மொத்த ஃபைலையும் பி.டி.எஃப் பிரின்டருக்கு அனுப்பினால், சில நேரம் அது இரண்டு, மூன்று ஃபைல்களாக உடைந்து வரும். வாட்ஸ்அப்பில் வாங்குபவருக்கு எது முதல், எது கடைசி என்றே புரியாது. திட்டு வாங்குவதென்னவோ பிரின்டர்தான், பாவம்!

எக்ஸெல்லில் 'பிரின்ட் குவாலிட்டி' என்பது ஃபைலுக்கானது அல்ல. ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனி. ஜனவரி 600 டி.பி.ஐ, வேறொரு ஃபைலிலிருந்து காப்பி செய்த பிப்ரவரி 300 டி.பி.ஐ என்றிருந்தால், எக்ஸெல் அவற்றைத் தனித்தனி பிரின்ட் வேலைகளாக அனுப்பிவிடும். டி.பி.ஐ என்பது ஓர் அங்குலத்தில் விழும் புள்ளிகளின் எண்ணிக்கை.

சரிசெய்ய, முதல் ஷீட்டின் டேபைத் தொட்டு, ஷிஃப்ட்டை அழுத்தியபடி கடைசி டேபைத் தொடுங்கள். 'பேஜ் லேஅவுட்' போய், 'பேஜ் செட்டப்' பகுதியின் மூலையிலுள்ள குட்டி அம்புக்குறியை க்ளிக் செய்து, பிரின்ட் குவாலிட்டியை ஒரே எண்ணாக மாற்றுங்கள்.

முடிந்ததும் டேபில் ரைட் க்ளிக் செய்து 'அன்குரூப் ஷீட்ஸ்' கொடுத்தே ஆக வேண்டும். மறந்துவிட்டு ஒரு கட்டத்தில் தொகையைத் திருத்தினால், 12 மாதக் கணக்கிலும் அதே தொகை ஏறிவிடும்!

லோகோ, சார்ட் அச்சாகவில்லையா? அதே பெட்டியில் 'ஷீட்' டேபில் 'டிராஃப்ட் குவாலிட்டி' டிக் ஆகியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுத்து பொடிப்பொடியாக வந்தால் டி.பி.ஐ-யை ஏற்றிப் பலனில்லை. 'ஃபிட் டு' மூலம் மொத்தத்தையும் ஒரே பக்கத்தில் திணித்திருப்பீர்கள். அகலத்தை மட்டும் 1 பக்கமாக வைத்து, உயரத்துக்கான எண்ணை அழித்துவிடுங்கள்.