புது ஃப்ளாட் சாவி வாங்கப் போறீங்களா? கையெழுத்துக்கு முன் இதையெல்லாம் பாருங்க!

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு. பத்திரிகையும் அடிச்சாச்சு. சென்னையில் புது ஃப்ளாட்டின் சாவியை வாங்கப் போனால், சைட் இன்ஜினீயர் பேனாவை நீட்டுகிறார்: "இதுல ஒரு சைன் போட்டுடுங்க சார். சின்னச் சின்ன வேலையெல்லாம் அப்புறம் முடிச்சுக் கொடுத்துடறோம்."

அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்பதில்தான் சிக்கலே.

பேங்க் இன்ஜினீயர்தான் பார்த்துட்டாரே?

அவர் பார்ப்பது வங்கிக்காக. கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா, அனுமதி பெற்ற வரைபடப்படி கட்டியிருக்கிறார்களா என்பதுதான் அவர் கவலை. பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் ரெரா சட்டம், பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ, வேலைத் தரத்தில் குறையோ இருப்பதாகச் சொன்னால், பில்டர் 30 நாள்களுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

அப்படியென்றால் முன்கூட்டியே ஏன் பார்க்கணும்? குடிவந்த பிறகு உடைந்த டைல்ஸைக் காட்டினால், "நீங்க சாமான் ஏத்தும்போது உடைஞ்சிருக்கும்" என்று பதில் வரலாம். 'வீட்டைப் பார்த்தேன், திருப்தி' என்ற வரியின் கீழ் உங்கள் கையெழுத்தும் இருந்தால், வாதாடுவது இன்னும் கஷ்டம்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

* டைல்ஸ்: நாணயத்தால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால், அடியில் கலவை சரியாக நிரம்பவில்லை.
* பாத்ரூம்: ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். அது தேங்காமல் வடிகாலுக்கு ஓட வேண்டும். பிறகு வடிகாலை அடைத்து, தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிவைக்கச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் வாட்டர்புரூஃபிங் சரியில்லை.
* சுவர்: பூச்சில் தெரியும் மெல்லிய கோடுகள் சகஜம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலையும், பீம், தூணில் தெரியும் விரிசலையும் இன்ஜினீயரிடம் காட்டியே ஆக வேண்டும்.
* மின்சாரம்: செல்போன் சார்ஜரைச் செருகி எல்லா பாயின்டையும் பாருங்கள். ஆர்சிசிபி-யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கரன்ட் கட்டாக வேண்டும்.
* அளவு: டேப் வைத்து அளந்து, ஒப்பந்தத்தில் உள்ள கார்பெட் ஏரியாவோடு ஒப்பிடுங்கள். உள்தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது.

முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்வாருங்கள். ஜன்னலுக்குக் கீழே ஈரத்திட்டு, பார்க்கிங்கில் தேங்கிய தண்ணீர் எல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

வெளி ஆளை வைக்கணுமா?

பில்டரோடு தொடர்பில்லாத சிவில் இன்ஜினீயர் ஒருவரை அழைத்துப் போவது நல்லது. சுவரின் ஈரத்தை அளக்கும் மீட்டர் போன்ற கருவிகள் கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காட்டிக்கொடுக்கும். இதை வீடு வாங்கும் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறை இருந்தால்?

வாய்ப்பேச்சு வேண்டாம். அறைவாரியாகப் பட்டியல் போட்டு, போட்டோவோடு பில்டருக்கு மெயில் அனுப்புங்கள். சரிசெய்ததும் மறுபடி போய்ப் பாருங்கள். உடனே சாவி வாங்கியே ஆக வேண்டும் என்றால், பாக்கி வேலைகளை ஒப்படைப்புக் கடிதத்திலேயே எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பணி நிறைவுச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பில்டர் அசையவில்லையா? தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம்.

இதற்கெல்லாம் சில வாரங்கள் ஆகும். முகூர்த்தம் நெருங்கிவிட்டால், அந்த அவசரத்திலேயே கையெழுத்துப் போட வேண்டிவரும். அதனால், முதலில் சோதனையை முடியுங்கள். கிரகப்பிரவேச நாளைப் பிறகு குறியுங்கள்.