மழைக்கு வழிவிடும் மலைப்பாதை

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பிரிஞ்சாங் சந்தையில் சோளம் வாங்கித் தின்றிருப்பீர்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். ஆனால், அங்கே காட்டுக்குள் செல்லும் நடைபாதைகள் இருப்பதையும், அவற்றுக்கு எண்கள் இடப்பட்டிருப்பதையும் கவனித்தீர்களா?

முதலாம் பாதை பிரிஞ்சாங் மலையின் உச்சியைக் கீழே உள்ள நகர்ப்பகுதியுடன் இணைக்கிறது. இரண்டாம் பாதை சாம் போ புத்தர் கோயில் அருகே தொடங்குகிறது. நான்காம் பாதையில் போனால் தானா ராத்தாவின் பாரிட் நீர்வீழ்ச்சியைப் பார்க்கலாம். ஒன்பதாம் பாதை ரோபின்சன் நீர்வீழ்ச்சிக்கும், பத்தாம் பாதை ஜாசார் மலைக்கும் செல்கின்றன. இப்படி ஒன்றோடொன்று இணைந்து ஒரு வலைபோல் பரவியிருப்பதால் இவற்றைப் பாதை வலையமைப்பு என்கிறோம்.

இப்பாதைகளில் ஒன்றில் நடந்து பாருங்கள். சில இடங்களில் பாதை முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகியிருக்கும். மரவேர்கள் மண்ணுக்கு மேலே எலும்புபோல் துருத்தி நிற்கும். இந்தச் சேதம் எப்படி வந்தது? நடப்பவர்களின் கால்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். அது பாதி விடைதான். மீதிப் பாதி, மழைநீர்.

பத்தாயிரம் லிட்டர் எங்கே போகும்?

கேமரன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரே மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டித் தீர்ப்பதும் நம் நாட்டுக்குப் புதிதன்று. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பாதையின் அகலம் 2 மீட்டர், நீளம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 200 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர், அதாவது 0.05 மீட்டர் மழை விழுந்தால் 10 கன மீட்டர் நீர் சேரும். அது 10,000 லிட்டர். எடையில் 10 டன்!

இதே மழை பக்கத்துக் காட்டிலும் பெய்கிறது. அங்கே இலைகள் முதலில் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழக்கூடியது. உதிர்ந்த இலைப் படுகை அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது. வேர்களும் மண்புழுக்களும் உண்டாக்கிய துளைகள் வழியாக நீர் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது.

பாதையில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பல ஆண்டுகள் மிதிபட்டதால் மண்துகள்கள் நெருங்கி, துளைகள் அடைபட்டுவிட்டன. நீர் உள்ளே இறங்க முடியாமல் மேலேயே ஓடுகிறது. சரிவில் ஓட ஓட அதன் வேகம் கூடுகிறது. இங்கேதான் இயற்பியல் விளையாடுகிறது. ஓடும் நீரால் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, நீரின் வேகத்தினுடைய ஆறாவது அடுக்கைப் பொறுத்தது என்பது நீரியலில் பழைய விதி. வேகம் இரண்டு மடங்கானால், 2-இன் ஆறாவது அடுக்கு, அதாவது 64 மடங்கு எடையுள்ள கல்லையும் அது உருட்டிவிடும்.

இதைத் திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தியும் இருக்கிறது. நீரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் உருட்டும் வலு 64-இல் ஒரு பங்காகிவிடும். பாதை அமைப்பவரின் வேலை முழுவதும் இந்த ஒரு கருத்தில் அடங்கிவிடுகிறது: நீரைத் தடுக்காதே, வேகம் எடுக்கும் முன்பே பாதையை விட்டு வெளியேற்று.

சரிவின் கணக்கு

மலையேற மிகக் குறுகிய வழி எது? உச்சியை நோக்கி நேராக ஏறுவதுதான். நீர் இறங்க மிக எளிதான வழியும் அதுவேதான். ஆகவே நேராக ஏறும் பாதை, மழை பெய்தால் ஓடையாகிவிடும்.

இதற்காகப் பாதை அமைப்பாளர்கள் இரண்டு விதிகளைக் கையாள்கிறார்கள். முதலாவது, பாதி விதி. பாதையின் சரிவு, அது செல்லும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. மலைப்பக்கம் 100 மீட்டருக்கு 30 மீட்டர் உயர்ந்தால் அதன் சரிவு 30 விழுக்காடு. அங்கே பாதையின் சரிவு 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அப்போதுதான் மேலிருந்து வரும் நீர் பாதையின் குறுக்கே கடந்து கீழே போகும். தாண்டினால் நீர் பாதையோடு திரும்பி, அதையே தன் வாய்க்காலாக ஆக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, பத்து விழுக்காட்டு விதி. பாதை முழுவதற்குமான சராசரிச் சரிவு 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையுச்சியோ 2,000 மீட்டருக்கும் மேல். இடையில் உள்ள 500 மீட்டரை 10 விழுக்காட்டுச் சரிவில் ஏற வேண்டுமானால் 5 கிலோமீட்டர் நீளப் பாதை தேவை. பாதை வளைந்து வளைந்து போவது அழகுக்காக அன்று என்பது இப்போது புரிகிறதா?

இவற்றோடு இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. பாதையின் பள்ளத்தாக்குப் பக்க விளிம்பைச் சற்றே தாழ்த்தி அமைப்பார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு போதும். நீர் அகலவாட்டில் வழிந்துவிடும். அடுத்து, ஏறும் பாதையை ஆங்காங்கே சில அடி இறக்கி மீண்டும் ஏற்றுவார்கள். அந்தத் தாழ்வான இடத்தில் நீர் தானாகவே வெளியேறும். மிதிவண்டியில் போனால் இதை அலைபோல் உணர்வீர்கள்.

தேயிலைத் தோட்டம் தந்த பாதை

மலைச்சரிவில் பாதை போடும் கலை தேயிலைத் தோட்டங்களுக்குப் பழக்கமானது. 1929-இல் தொடங்கப்பட்ட போ நிறுவனத்தின் தோட்டங்களுக்குப் போகும்போது பாருங்கள். வண்டிப் பாதைகள் மலையைச் சுற்றிச் சுற்றி, ஒரே மட்டத்தை ஒட்டிச் செல்லும். கொழுந்துச் சுமையோடு ஆட்களும் வண்டிகளும் நாள்தோறும் போய்வர வேண்டுமே! காட்டைத் திருத்தி, கன்று நட்டு, பாதையும் வடிகாலும் வெட்டியதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

அத்தகைய பாதைகளுக்குப் புது வாழ்வு கிடைக்கும் என்பதற்கு இலங்கை ஒரு சான்று. அங்கே மலையகத் தேயிலை நாட்டில் 'பெக்கோ டிரெயில்' என்ற நெடும்பாதையை உருவாக்கியிருக்கிறார்கள். கண்டியருகே ஹந்தானையில் தொடங்கி, அட்டன், அப்புத்தளை, எல்ல வட்டாரங்களைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 பகுதிகள். நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல். நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதற்காக மலையைப் புதிதாக வெட்டித் திறக்கவில்லை. பெரும்பகுதி, ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை கொண்டுபோக அமைத்த பழைய தோட்டப் பாதைகள்தாம். அவற்றை இணைத்து, துப்புரவு செய்து, வழிகாட்டிப் பலகைகள் நட்டார்கள். இருக்கும் பாதையைச் செப்பனிடுவது புதுப்பாதை வெட்டுவதைவிட மண்ணுக்கு நல்லது என்பதை இது காட்டுகிறது.

காலா, சக்கரமா?

நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உலகெங்கும் ஒரு வழக்கு நடக்கிறது: பாதையை அதிகம் கெடுப்பது யார்? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. ஈரமான பாதையில் குதிரையின் குளம்புகளும் மனிதரின் கால்களும் சக்கரங்களைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன என்று அது கண்டது.

இதைக் கேட்டு மிதிவண்டிக்காரர்கள் துள்ளிக் குதிக்க வேண்டாம். இறக்கத்தில் திடீரென்று பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுழலாமல் வழுக்கும். மண்ணில் நீண்ட கோடு விழும். அடுத்த மழையில் அந்தக் கோடுதான் வாய்க்கால். நடப்பவர்கள் செய்யும் தவறு வேறு. நடுவில் சேறு கண்டதும் ஓரமாகச் செடிகளை மிதித்துச் சுற்றிப் போகிறோம். பத்துப் பேர் அப்படிப் போனால் பாதை அகலமாகும், சேறும் அகலமாகும். சேற்றின் நடுவே நேராக நடப்பதுதான் பாதைக்குச் செய்யும் உதவி. சப்பாத்தைக் கழுவிக்கொள்ளலாம், மிதிபட்ட பாசி திரும்ப வளர ஆண்டுகள் ஆகும்.

பிரிஞ்சாங் உச்சியருகே உள்ள பாசிக்காட்டில் இது இன்னும் முக்கியம். மேகங்கள் உரசிச் செல்லும் அந்தக் காட்டில் மரமெல்லாம் பாசி படர்ந்திருக்கிறது. பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவது அந்தப் பாசியும் அதனடியில் உள்ள மட்கிய மண்ணும்தான். குடுவைச் செடிகளும் அங்கே வளர்கின்றன. அதனால்தான் அங்கே மண்ணுக்கு மேலே உயர்த்திப் பலகைப் பாதை அமைத்தார்கள். மனித எடை தூண்கள் வழியாகச் சில இடங்களில் மட்டுமே மண்ணில் இறங்குகிறது. மற்ற இடம் மிதிபடாமல் தப்புகிறது.

அடித்துச் செல்லப்பட்ட மண்

பாதையிலிருந்து கழுவப்பட்ட மண் எங்கே போகிறது? ஓடைக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு, கடைசியில் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணைக்கு. 1963-இல் நிறைவுற்ற நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த அந்த அணையின் நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்ந்து சேர்ந்து, நீருக்கான இடம் குறைந்துவிட்டது. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணை நிரம்பித் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் மூழ்கின, உயிர்களும் போயின.

அந்த வண்டலுக்கு நடைபாதைகளைக் குற்றம் சொல்ல முடியாது. காடு அழித்துத் திறந்த விவசாய நிலமும் கட்டுமானமுமே பெருங்காரணங்கள். ஆனால், பெரிய சரிவிலும் சிறிய பாதையிலும் நீர் ஒரே விதிப்படிதான் ஓடுகிறது. ஒரு பாதையைக் காக்கக் கற்றுக்கொண்டவருக்கு, ஒரு மலைப்பக்கம் ஏன் சரிகிறது என்பதும் புரிந்துவிடும்.

யார் பராமரிப்பது?

எவ்வளவு நல்ல பாதையும் கவனிப்பார் இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் பாழாகும். உதிர்ந்த இலைகள் வடிகாலை அடைக்கும். மண் ஒதுங்கி, வெளி விளிம்பில் வரப்புபோல் மேடாகும். நீர் வெளியேற முடியாமல் பாதையோடு ஓடும். மரம் விழுந்தால் சுற்றிப் போக புதுத்தடம் உண்டாகும். வழிகாட்டிப் பலகை விழுந்தால் நடப்பவர் திசை தவறுவார். இவற்றைச் சரிசெய்ய இயந்திரம் வேண்டாம். மண்வெட்டி, பாராங் கத்தி, இரம்பம், நான்கைந்து பேர் போதும். ஆனால், அடிக்கடி செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. 1921-இல் பென்டன் மெக்காய் என்பவர் முன்மொழிந்த அந்தப் பாதை 1937-இல் முழுமையடைந்தது. இன்றுவரை அதைப் பெரும்பாலும் பராமரித்து வருபவர்கள் உள்ளூர் மன்றங்களின் தொண்டர்கள்தாம். ஒவ்வொரு மன்றமும் தனக்கென ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறது. "இந்த மூன்று கிலோமீட்டர் எங்களுடையது" என்ற எண்ணம் வந்துவிட்டால், வடிகாலில் அடைத்த இலை கண்ணில் படாமல் போகாது.

கேமரன் மலையிலும் 'ரீச்' போன்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு இயங்குகிறது. காட்டை நன்கறிந்த பூர்வக்குடியினரான செமாய் மக்கள் இருக்கிறார்கள். தோட்ட மக்கள் இருக்கிறார்கள், பள்ளிகளும் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கு ஒரு பாதை என்று பொறுப்பேற்றால் எப்படி இருக்கும்? ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வனக் காப்பகத்துக்குள் வெட்டவோ தோண்டவோ வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆசிரியர் துணையின்றிக் காட்டுக்குள் போகவும் கூடாது.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளில் ஈரமண்ணை நிரப்பி, கையால் அழுத்துங்கள். இரண்டையும் ஒரே சரிவில் சாய்த்து வையுங்கள். முதல் தட்டில் மேலிருந்து கீழாக நேராக விரலால் ஒரு பாதை கீறுங்கள். இரண்டாவதில் குறுக்கே வளைந்து இறங்கும் பாதை கீறி, நடுவில் இரண்டு இடங்களில் சற்றுத் தாழ்த்தி, நீர் வெளியேற வழி விடுங்கள். மூடியில் துளையிட்ட போத்தலால் இரண்டிலும் ஒரு லிட்டர் நீரை ஒரே உயரத்திலிருந்து தெளியுங்கள். வழிந்து வரும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து, மண் படியும்வரை காத்திருங்கள். எந்தக் குவளையில் படிவு உயரமாக இருக்கிறது? அளவுகோலால் அளந்து எழுதுங்கள். சரிவைக் கூட்டி மீண்டும் செய்யுங்கள்.

பிறகு மழை ஓய்ந்த ஒரு நாளில் உங்கள் பள்ளித் திடலிலோ தாமானிலோ உள்ள ஒற்றையடிப் பாதையைப் போய்ப் பாருங்கள். நீர் அதன் குறுக்கே கடந்திருக்கிறதா, அதனோடு ஓடியிருக்கிறதா? அதோடு ஓடியிருந்தால், எந்த இடத்தில் அதை வெளியே திருப்பியிருக்க வேண்டும் என்று உங்களால் இப்போது சுட்டிக்காட்ட முடியும்.